சரிதானா என்று கேட்டவர் – லைப்னிட்ஸ்



நம் சுவரிதழில் அறிஞர் வாழ்க்கை எழுதும் முறை இந்தத் தடவை எனக்கு வந்தது. காமராசர், சர் சி.வி. ராமன், மேரி கியூரி, அப்துல் கலாம் என்று எல்லாரையும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதனால் கணிப்பொறி ஆய்வகத்தில் தினமும் நம்மோடு இருந்தும் நாம் பெயர் சொல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர்தான் கோட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். ஜெர்மனி நாட்டுக்காரர். 1646-ல் பிறந்து 1716-ல் மறைந்தவர்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? பதினோராம் வகுப்பில் இருநிலை எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றும் நிரலை நாங்கள் எல்லாருமே எழுதுகிறோம். எழுதி முடித்ததும் 101 என்று கொடுப்போம். திரையில் 5 வரும். உடனே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்த ஒரு 5 வந்துவிட்டால் நிரல் சரி என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வியோடுதான் நான் லைப்னிட்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வாழ்நாள் முழுவதும் ஒரு விடை சரிதானா என்று பார்க்க வழி தேடிய மனிதர் அவர். வெற்றியும் கண்டார், அடியும் பட்டார். இரண்டிலுமே நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் ஆழாக்குக் கணக்கு

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் இருநிலை எண் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி வீட்டில் இன்னும் அரிசி அளக்கும் படி இருக்கிறது. ஒரு படிக்கு இரண்டு அரைப்படி. ஒரு அரைப்படிக்கு இரண்டு உழக்கு. ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. ஆக படி என்பது 8 ஆழாக்கு, அரைப்படி 4, உழக்கு 2, ஆழாக்கு 1.

இப்போது நான்கு அளவையையும் பெரியதிலிருந்து வரிசையாக வையுங்கள். எதை எடுத்தோமோ அதற்கு 1 போடுங்கள், எடுக்காததற்கு 0 போடுங்கள். 1011 என்றால் படி உண்டு, அரைப்படி இல்லை, உழக்கு உண்டு, ஆழாக்கு உண்டு. 8 + 2 + 1 = 11 ஆழாக்கு. இவ்வளவுதான் இருநிலை எண்! நான்கே அளவையை வைத்து 0 முதல் 15 ஆழாக்கு வரை எதையும் அளந்துவிடலாம், எந்த அளவையையும் இரண்டு தடவை எடுக்கவே வேண்டாம். சில எடைக்கற்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா எடையையும் நிறுக்கலாம் என்று லைப்னிட்ஸும் தம் கட்டுரையில் இதே கருத்தைச் சொல்லியிருக்கிறார். நம் பாட்டிமார் கையில் இருந்த சங்கதிதான் போங்க!

அப்பாவின் புத்தக அறை

லைப்னிட்ஸ் பிறந்த ஊர் ஜெர்மனியில் உள்ள லைப்சிக். அவருடைய அப்பா அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர். பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும்போதே, 1652-ல், அப்பா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன சொத்தில் பெரியது புத்தக அறை. அந்த அறையைப் பையனுக்குத் திறந்துவிட்டார்கள். லத்தீன் மொழியை அவர் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். இன்னும் 15 வயது நிறையாமல் 1661-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பையன்!

சட்டம் படித்தார். ஆனால் 1666-ல் லைப்சிக்கில் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. வயது குறைவு என்பதே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊரை விட்டே கிளம்பி ஆல்ட்டார்ஃப் என்ற ஊருக்குப் போனார். அங்கே பட்டமும் கிடைத்தது, பேராசிரியர் வேலையும் தேடி வந்தது. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனதில் வேறொரு கனவு இருந்தது. மனிதர்கள் சண்டை போடும் எல்லா விஷயத்தையும் குறியீடுகளாக மாற்றிவிட்டால், கூட்டல் கழித்தல் போடுவதுபோல் கணக்குப் போட்டு யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாம் என்று நம்பினார். கத்திப் பேசுகிறவர் ஜெயிக்கக் கூடாது, கணக்கு ஜெயிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்தக் கனவை மனதில் வைத்துக்கொண்டு மீதிக் கதையைப் படியுங்கள்.

லண்டனில் தடுமாறிய பொறி

1672-ல் அரசியல் வேலையாக பாரிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஹைகென்ஸ் என்ற பெரிய விஞ்ஞானி அவருக்குக் கணிதத்தில் வழிகாட்டினார். அந்தக் காலத்தில் கூட்டவும் கழிக்கவும் பாஸ்கல் செய்த பொறி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பெருக்கலும் வகுத்தலும் செய்யும் பொறி ஒன்றைத் தாம் செய்ய வேண்டும் என்று லைப்னிட்ஸ் நினைத்தார். அதற்காகப் படிப்படியாக நீளும் பற்களைக் கொண்ட உருளை ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த உருளை 20-ஆம் நூற்றாண்டு வரை கணக்குப் பொறிகளில் பயன்பட்டது.

1673-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியில் பெரிய பெரிய அறிஞர்கள் முன்னால் மரத்தாலான மாதிரிப் பொறியைக் காட்டினார். என்ன நடந்தது? பொறி முழுமையாக வேலை செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது 26. நாலு பேர் முன்னால் நம் செயல்முறைத் தேர்வில் நிரல் ஓடாமல் நின்றால் எப்படி இருக்கும், அதுபோலத்தான். முடித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டே அவரை அந்தச் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வாக்கை நிறைவேற்ற அவர் பல பத்தாண்டுகள் உழைத்தார், கைக்காசையும் நிறையச் செலவழித்தார்.

இந்த வகைப் பொறியில் தொல்லை தந்தது மிச்சம் கொண்டுபோவது. 23-ஐயும் 45-ஐயும் கூட்டினால் மிச்சமே வராது, எந்தப் பொறியும் சரியாகச் சொல்லும். 9999-ஓடு 1-ஐக் கூட்டிப் பாருங்கள். ஒன்றின் இடத்தில் தொடங்கிய மிச்சம் பத்து, நூறு, ஆயிரம் என்று எல்லா இடத்தையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லைப்னிட்ஸ் பிற்காலத்தில் செய்த பித்தளைப் பொறியில்கூட, இப்படித் தொடர்ந்து வரும் மிச்சம் தானாக முழுதும் நகராது. பக்கத்தில் இருப்பவர் பார்த்து, கையால் தள்ளிவிட வேண்டும். சுலபமான கணக்கைக் கொடுத்துப் பார்த்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது. 9999 + 1 என்று கொடுத்தால்தான் தெரியும்.

நண்பர்களே, இதுதான் முதல் பாடம். பொறி எங்கே தடுமாறுமோ அங்கே போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். சுலபமான இடத்தில் தட்டினால் எல்லாமே நல்ல பானைதான்!

இரண்டே எண்கள், உருளும் குண்டுகள்

1676-ல் லைப்னிட்ஸ் ஹானோவர் நகரத்துக்குப் போய் அந்நாட்டுப் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். நூலகத்தைப் பார்த்துக்கொள்வது, சட்ட ஆலோசனை சொல்வது, பிரபு குடும்பத்தின் வரலாறு எழுதுவது, சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கக் காற்றாலை அமைப்பது என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. சுரங்கக் காற்றாலை வேலை பல ஆண்டு பாடுபட்டும் கைகூடவில்லை.

இத்தனைக்கும் நடுவே 1679 மார்ச் மாதம் இருநிலை எண்கள் பற்றி லத்தீனில் ஒரு குறிப்பு எழுதினார். கூட்டல், பெருக்கல் எல்லாம் 0, 1 என்ற இரண்டே எண்ணால் எப்படிச் செய்வது என்று அதில் இருக்கிறது. கூடவே ஒரு பொறியையும் கற்பனை செய்திருக்கிறார். ஒரு பெட்டியில் வரிசையாகத் துளைகள். 1 இருக்கும் இடத்தில் துளை திறந்திருக்கும், 0 இருக்கும் இடத்தில் மூடியிருக்கும். திறந்த துளை வழியாகக் கோலிக்குண்டு கீழே உள்ள பாதையில் விழும். ஒரு பாதையில் இரண்டு குண்டு சேர்ந்தால் ஒன்று அடுத்த பாதைக்கு நகரும். அதாவது மிச்சம் போகும்! பத்து பல் கொண்ட சக்கரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு இது எவ்வளவு எளிமையாகத் தெரிந்திருக்கும் பாருங்கள். ஆனால் அந்தப் பொறி தாளிலேயே நின்றுவிட்டது, அவர் அதைச் செய்து முடிக்கவில்லை. இருநிலை எண்ணில் ஓடும் இசட்-3 என்ற கணிப்பொறியை கொன்ராட் சூசே என்பவர் அதே ஜெர்மனியில் செய்தது 1941-ல். நடுவில் 262 ஆண்டுகள்!

பீக்கிங்கிலிருந்து வந்த கடிதம்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

சீனத் தலைநகர் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) புவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். லைப்னிட்ஸ் 1701-ல் தம்முடைய இருநிலை எண் முறையை விளக்கி அவருக்குக் கடிதம் எழுதினார். புவே அதைப் படித்ததும் சீனர்களின் பழைய நூலான ஈ ச்சிங்கில் வரும் உருவங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு உருவத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோடுகள். கோடு முழுதாகவும் இருக்கலாம், நடுவில் உடைந்தும் இருக்கலாம். ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்பதால் மொத்தம் 64 உருவங்கள். அந்த 64-ம் அடங்கிய படம் ஒன்றைக் கடிதத்தோடு வைத்து 1701 நவம்பரில் அனுப்பினார். கப்பலில் வந்த அந்தக் கடிதம் 1703 ஏப்ரல் மாதத்தில்தான் லைப்னிட்ஸ் கைக்குக் கிடைத்தது. ஒன்றரை வருடம்! அந்த 1703-ல் நம் திருச்சியில் ராணி மங்கம்மாள் ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தால் காலம் புரியும்.

படத்தைப் பார்த்ததும் லைப்னிட்ஸ் ஆகா அருமை என்று சொல்லி மூடி வைக்கவில்லை. பேனாவை எடுத்தார். உடைந்த கோடு 0, முழுக்கோடு 1 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உருவத்தையும் பதின்ம எண்ணாக மாற்றி, அந்த உருவத்தின் பக்கத்திலேயே எழுதினார். 0, 1, 2, 3 என்று தொடங்கி 63 வரை. அவர் கையால் எண் எழுதிய அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. நாம் ஆய்வகத்தில் கணிப்பொறியைச் செய்யச் சொல்லும் வேலையை 300 வருடத்துக்கு முன்னால் அவர் கையால் செய்திருக்கிறார். அதுவும் ஒன்றைச் செய்து பார்த்து விட்டுவிடவில்லை, அறுபத்து நான்கையும்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு கோட்டையும் சரியான முனையிலிருந்து படித்தால்தான் எண்கள் வரிசையாக வரும். தலைகீழாகப் படித்தால் எல்லாம் தாறுமாறாகிவிடும். அதனால் அந்தப் படம் ஒரு சோதனைத்தாள் மாதிரி அமைந்துவிட்டது. இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தை வரைந்தவர் லைப்னிட்ஸ் இல்லை. வேறு நாட்டில், வேறு காலத்தில், வேறு யாரோ வரைந்தது. தான் போட்ட கணக்கைத் தன் வழியிலேயே மறுபடி போட்டுப் பார்ப்பதைவிட, இப்படி அயலார் கையில் இருந்து வந்ததோடு ஒப்பிட்டு ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு அதிகம். சில நாட்களிலேயே அவர் தம் கட்டுரையை பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். 1703-ஆம் ஆண்டுக்கான அந்தக் கழகத் தொகுப்பில் அது வெளிவந்தது.

ஆனால் நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். எண்கள் ஒத்துப்போனதும் லைப்னிட்ஸ் ஒரு படி மேலே போய், ஆதிகாலச் சீன அரசர் ஃபூ ஷிக்கே இருநிலை எண் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அந்த வரிசையில் 64 உருவங்களை அடுக்கியவர் 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாவ் யுங் என்ற அறிஞர். அவர்கள் அதை எண்ணாகவும் பயன்படுத்தவில்லை. சோதனை காட்டியது எண்களின் வரிசை ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான். ஒரு சோதனை எதைச் சோதித்ததோ அதைத்தான் நிரூபிக்கும், அதற்கு மேல் ஒரு அடிகூட இல்லை. இது இரண்டாவது பாடம்.

நம்மிடமும் உண்டு

இந்தியாவில் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே பிங்கலர் என்பவர் வடமொழி யாப்பு பற்றி சந்தஸ் சாஸ்திரம் என்ற நூல் எழுதினார். (தமிழில் பிங்கல நிகண்டு எழுதிய பிங்கலர் வேறு, இவர் வேறு. குழம்பிக்கொள்ள வேண்டாம்.) குரு, லகு என்ற இரண்டு வகை அசைகளை வைத்து எத்தனை அமைப்பு வரும் என்று அவர் வரிசைப்படுத்தினார். எண்ணைச் சொன்னால் அமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு விதி, அமைப்பைச் சொன்னால் அது எத்தனையாவது என்று கண்டுபிடிக்க இன்னொரு விதி. இரண்டாவது விதி இப்படிப் போகும்: கடைசி லகுவிலிருந்து பின்னோக்கி வா, 1-ல் தொடங்கு, லகு வந்தால் இரட்டி, குரு வந்தால் இரட்டித்து ஒன்றைக் கழி. லகு குரு லகு என்ற அமைப்புக்கு 1 இரட்டித்து 2, அதை இரட்டித்து ஒன்று கழித்தால் 3, அதை இரட்டித்தால் 6. அதாவது ஆறாவது அமைப்பு. முதல் விதியை வைத்து 6-லிருந்து திரும்பி வந்தால் அதே லகு குரு லகு கிடைக்கும். போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் அந்த நூலிலேயே இருக்கின்றன!

அதை விடுங்கள், நம் தமிழ் ஐயா நடத்தும் வாய்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என்று மனப்பாடம் செய்கிறோமே, ஏன் 4, 8, 16? நேர், நிரை என்று இரண்டே அசை என்பதால்தான். நேர் என்றால் 0, நிரை என்றால் 1 என்று வைத்துப் பார்த்தேன். மூவசைச்சீர் எட்டும் அழகாக வரிசையில் வந்துவிட்டன:

தேமாங்காய் – 000 – 0
தேமாங்கனி – 001 – 1
கூவிளங்காய் – 010 – 2
கூவிளங்கனி – 011 – 3
புளிமாங்காய் – 100 – 4
புளிமாங்கனி – 101 – 5
கருவிளங்காய் – 110 – 6
கருவிளங்கனி – 111 – 7

நம் இலக்கண ஆசிரியர்கள் இதை எண்ணாக நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. (லைப்னிட்ஸ் சீனத்தில் செய்ததை நான் முசிறியில் செய்யக் கூடாது அல்லவா!) நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் தட்டிப் பார்ப்போமா?

இப்போது நம் நிரலுக்கு வருவோம். நாம் வழக்கமாகக் கொடுக்கும் 101 என்பது புளிமாங்கனி. அதை வலமிருந்து படித்தாலும் இடமிருந்து படித்தாலும் ஒன்றுதான். விகடகவி மாதிரி! ஒரு நிரல் எண்ணைத் தலைகீழாகப் படித்தாலும் 101-க்கு 5 என்றே சொல்லும். நாமும் நம்பிவிடுவோம். லைப்னிட்ஸ் மாதிரி யோசித்தால் கீழ்க்கண்டவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

1. 110 கொடுங்கள். 6 வர வேண்டும். 3 வந்தால் நிரல் தலைகீழாகப் படிக்கிறது.

2. 0, 1 இரண்டையும் தனியாகக் கொடுங்கள். ஒன்றுமில்லாத இடத்தில் பல நிரல்கள் வழுக்கும்.

3. 1, 10, 100, 1000 என்று ஒவ்வொரு இடத்திலும் ஒற்றை 1 வைத்துப் பாருங்கள். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். நம் ஆழாக்கு, உழக்கு, அரைப்படி, படி.

4. எல்லாம் 1 ஆக இருக்கும் எண்ணைக் கொடுங்கள். 1111-க்கு 15, அடுத்த எண்ணான 10000-க்கு 16. இதுதான் இருநிலை எண்ணின் 9999 + 1. எட்டு ஒன்றுகள் கொடுத்தால் 255 வர வேண்டும்.

5. 0011 என்று முன்னால் பூஜ்யம் வைத்துக் கொடுங்கள். 3 தான் வர வேண்டும்.

6. 102 கொடுங்கள். இது இருநிலை எண்ணே இல்லை. ஆனால் சோதிக்காத நிரல் 4 + 0 + 2 என்று கூட்டி, 6 என்று சத்தமில்லாமல் சொல்லிவிடும். 110-க்கும் 6, 102-க்கும் 6! தப்பான விடையை விட, தப்பான கேள்விக்குத் தைரியமாகச் சொல்லும் விடை ஆபத்து.

7. பதினோரு ஒன்றுகள் கொடுங்கள். விடை 2047 வர வேண்டும். சி++ மொழியில் எண்ணை சாதாரண இன்ட் மாறியில் வாங்கினால் 2147483647 வரைதான் கொள்ளும். அதனால் பத்து இலக்கம் வரை ஒழுங்காகப் போய், பதினோராவதில் உளறும். பைத்தானில் இந்த வரம்பு இல்லை. சி++-இல் எழுதுபவர்கள் எண்ணை எழுத்துச் சரமாக வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொரு வழியும் உண்டு. பதின்ம எண்ணைத் திரும்ப இருநிலை எண்ணாக மாற்றும் நிரல் ஒன்று எழுதி, 0 முதல் 63 வரை போய்த் திரும்பி வரச் சொல்லலாம். கொடுத்த எண்ணே கிடைத்தால் சரி. ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு நிரலும் ஒரே மாதிரி தலைகீழாகப் படித்தால்? தப்போடு போய் தப்போடு திரும்பி வந்து, எல்லாம் சரி என்று காட்டிவிடும்! இரண்டையும் ஒரே ஆள் எழுதினால் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் கையால் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். முடிந்தால் நம் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எழுதிய பட்டியல். பீக்கிங்கிலிருந்து படம் வந்த மாதிரி, சோதனை இன்னொரு கையிலிருந்து வர வேண்டும்.

தீர்ப்புச் சொன்னது யார்?

இதன் அருமை லைப்னிட்ஸின் கடைசிக் காலத்தைப் பார்த்தால்தான் புரியும்.

நாம் கணிதத்தில் படிக்கும் நுண்கணிதத்தை நியூட்டன் 1665, 1666 ஆண்டுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் வெளியிடவில்லை. லைப்னிட்ஸ் 1675-ல் தாமாகக் கண்டுபிடித்து 1684-ல் வெளியிட்டார். நாம் இன்று எழுதும் டி.ஒய் பை டி.எக்ஸ், தொகையிடலுக்குப் போடும் நீண்ட எஸ் வடிவக் குறி எல்லாம் லைப்னிட்ஸ் தந்தவை. ஆனால் நியூட்டனிடமிருந்து திருடிவிட்டார் என்று அவர்மேல் பழி விழுந்தது. தாமும் உறுப்பினராக இருந்த ராயல் சொசைட்டியிடமே லைப்னிட்ஸ் முறையிட்டார். 1712-ல் ஒரு குழு போட்டார்கள். அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் யார்? நியூட்டனேதான்! குழு லைப்னிட்ஸின் பக்கத்தைக் கேட்கவில்லை. தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த அறிக்கையில் பெரும்பகுதியை நியூட்டனே எழுதினார் என்பது பிறகு தெரியவந்தது.

நியூட்டன் எவ்வளவு பெரிய மேதை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தால் அந்தத் தீர்ப்பைச் சோதனை என்று சொல்ல முடியுமா? பிற்காலத்தில் இரண்டு பேர் கையெழுத்துத் தாள்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், இருவரும் தனித்தனியாகவே கண்டுபிடித்தார்கள் என்று முடிவு சொன்னார்கள். சண்டையெல்லாம் கணக்கால் தீர வேண்டும் என்று கனவு கண்டவர், தம் சண்டை அப்படித் தீர்வதைப் பார்க்காமலே போய்விட்டார்.

1714-ல் ஹானோவர் பிரபு இங்கிலாந்துக்கே அரசராகி, முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் லண்டன் போனார். லைப்னிட்ஸைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. குடும்ப வரலாற்றை எழுதி முடிக்கும்படி உத்தரவிட்டு விட்டுச் சென்றார். 1716 நவம்பர் 14-ஆம் தேதி, 70-ஆம் வயதில், லைப்னிட்ஸ் ஹானோவரில் காலமானார். அரண்மனையிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்தவர் அவருடைய செயலாளர் ஒருவர் மட்டுமே. ஐம்பது வருடத்துக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்கூட எழுதப்படாமல் இருந்தது. படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

பரணில் கிடந்த பொறி

அவருடைய பித்தளைப் பொறி என்ன ஆயிற்று? கோட்டிங்கன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் பரணில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. பின்னர் கூரை ஒழுகுகிறது என்று சரிசெய்யப் போனவர்கள் ஒரு மூலையில் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது ஹானோவர் நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதி வைத்த தாள்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பக்கம். இன்னும் பதிப்பித்து முடியவில்லை! சுமார் 1,100 பேரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2007-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நண்பர்களே, லைப்னிட்ஸ் நமக்குத் தந்தது 0, 1 மட்டும் இல்லை. ஒரு விடை கிடைத்ததும் சந்தோஷப்பட்டு எழுந்து போகாமல், இன்னொரு வழியில் வந்தாலும் இதே விடை கிடைக்குமா என்று கேட்கும் பழக்கத்தையும் தந்தார். நம் ஊர்க் கடைத்தெருவில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் யாராவது வாங்குகிறோமா? நிரலுக்கு மட்டும் ஏன் ஒரே 101-ஓடு விட்டுவிடுகிறோம்? நாளைக்கு நம்மில் ஒருவர் எழுதும் நிரல் வங்கியில் ஓடலாம், மருத்துவமனையில் மருந்தளவு கணக்கிடலாம், ரயில் சிக்னலில் இருக்கலாம். அங்கே பதினோராவது இலக்கத்தில் உளறினால் ரெக்கார்டு நோட்டில் மார்க் குறைவதோடு போகாது.

அதனால் அடுத்த ஆய்வக வகுப்பில் ஒரு காரியம் செய்வோம். நம் நிரலை நாமே சோதிக்காமல் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கொடுப்போம். அவருடையதை நாம் வாங்குவோம். 110, 102, பதினோரு ஒன்று என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்போம். யாருடைய நிரல் தடுமாறினாலும் சிரிக்க வேண்டாம். லண்டனில் அறிஞர்கள் முன்னால் தடுமாறிய பொறிக்குச் சொந்தக்காரர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

இதில் உள்ள கணக்குகளை யாராவது போட்டுப் பார்த்து, எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் சுவரிதழின் கீழே உள்ள வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். கட்டுரையையும் இன்னொரு கை சோதிக்கட்டுமே!



– பதினோராம் வகுப்பு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவி, முசிறி